துடைப்பதற்கு முன் திறந்து பார்

என் மகளுக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. பிறப்பாயா என்பதும் தெரியாது. எனக்கு இன்னும் பள்ளிக்கூடமே முடியவில்லை, காலையில் வேதியியல் டெஸ்ட் இருக்கிறது. ஆனாலும் உனக்குத்தான் எழுதுகிறேன். இந்த வீட்டில் இப்போது விழித்திருப்பவள் நான் ஒருத்திதான். நான் செய்ததைக் கேட்டுவிட்டுத் திட்ட முடியாத ஒரே ஆள் நீதான். நீ வளர்ந்து, வேலை கிடைத்தோ கல்யாணமாகியோ என்னைவிட்டுக் கிளம்பும் நாளில் இதை உன் பெட்டியில் வைத்து அனுப்புவேன். வீட்டைவிட்டுப் போகிற பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும்போது பெற்றவர்கள், தாங்கள் எப்போதும் சரியாகவே இருந்தவர்கள் மாதிரி பேசுகிறார்கள். நானும் பெரியவளானால் அப்படித்தான் பேசுவேன் என்று நினைக்கிறேன். அதனால்தான் கை வேர்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதிவிடுகிறேன். பிறகு மாற்றிச் சொல்ல முடியாது.

தமிழில் எழுதுவதுதான் பத்திரம். அடுத்த அறையில் தூங்குகிற என் அப்பா, அதாவது உன் தாத்தா, வங்காளத்தில், இந்த பவானிபூரிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழில் பேசுவார், திட்டுவார், தூக்கத்தில் உளறுவார். படிக்க மட்டும் வராது. எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தது அம்மா. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வகுப்புப் பெண்கள் எல்லாரும் ஏரிப் பக்கம் நீச்சல் கற்கப் போகும்போது, நான் மட்டும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ணகரமும் னகரமும் எழுதிக்கொண்டிருப்பேன். "இந்த ஊர்ல இது எதுக்கும்மா?" என்று அழுவேன். "எப்பவாவது உதவும்டி பாப்பா" என்பாள். அவள் சொன்னது ஒளிந்து கடிதம் எழுதுவதற்கு அல்ல என்று எனக்குத் தெரியும்.

அம்மா இப்போது தஞ்சாவூரில் இருக்கிறாள். நாளை அங்கே பல்கலைக்கழகத்தில் அவளுடைய ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். நாளை விட்டால் இல்லை. ஏற்கெனவே தவணை வாங்கி, அதற்கு மேலும் தவணை வாங்கியாகிவிட்டது. நான் சின்னப் பெண்ணாக இருந்ததிலிருந்தே அம்மா இதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். இந்த ஊரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வீட்டுக்கு வீடு போய், அங்கே இருக்கிற பெண்களைப் பேசச் சொல்லி, பழைய போனில் பதிவு செய்துகொண்டு வந்து கம்ப்யூட்டரில் தட்டுவாள். அந்த போன் எப்போதோ செத்துவிட்டது. பேசியவர்களில் பலரும் இப்போது இல்லை. டாக்குரியாவில் ஒரு மாமி, அம்மாவிடம் பேசி முடித்த வாரமே போய்விட்டாள். அதனால் அம்மா தட்டி வைத்தது மட்டும்தான் மிச்சம். அப்பா இதைக் கேலி செய்வார். "உங்கம்மா டாக்டர் ஆகட்டும், எனக்கு பிரஷர் பார்க்க வெளியில காசு கொடுக்க வேண்டாம்" என்பார். அம்மா சிரித்துவிட்டுத் தட்டிக்கொண்டே இருப்பாள்.

நான் சிரிக்க மாட்டேன். எனக்கு அந்த ஆய்வேட்டைப் பிடிக்காது. இதையும் நீ தெரிந்துகொள். நான் பேச வரும்போதெல்லாம் அம்மாவின் முதுகுதான் தெரியும், அதற்கு அந்தப் பக்கம் அந்தத் திரை. அதில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் நான் எட்டிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இன்றைக்கு இந்த நிலைமை வந்திருக்காது.

அம்மா ஆய்வேட்டை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஹவுராவில் ரயில் ஏறினாள். அங்கே அச்செடுத்து, பைண்டு செய்து, கொடுத்துவிட்டு வருவதாகத் திட்டம். அவள் போனபிறகு எனக்குக் கம்ப்யூட்டர் கிடைத்தது. படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு கொரியன் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தேன். இடையில் கம்ப்யூட்டர் தானாக அப்டேட் ஆக ஆரம்பித்தது. அணைக்காதே என்று திரையிலேயே எழுதியிருந்தது. அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் அப்பாவின் செருப்புச் சத்தம். அது முடிந்ததும் சீரியல் மறுபடி திறந்துகொள்ளுமே என்று பயந்து, சுவரில் இருக்கிற சுவிட்சை அணைத்துவிட்டேன். அப்பா உள்ளே வந்து, "என்னம்மா, இருட்டுல உட்கார்ந்திருக்கே?" என்றார். "கண்ணுக்கு ரெஸ்ட் கொடுக்கறேன்பா" என்றேன். அது முதல் பொய். அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டர் திறக்கவே இல்லை. நீலத் திரை வரும், ஒரு வட்டம் சுற்றும், அணையும், மறுபடி நீலத் திரை.

ரிமியிடம் சொன்னேன். ரிமி என் வகுப்பு, வங்காளிப் பெண், பயம் என்றால் என்னவென்றே தெரியாதவள். "ஆரே பாபா, இதுக்கா அழறே? ஃபைல் எல்லாம் உள்ளே உயிரோடதான் இருக்கும். புது ஹார்டு டிரைவ் வாங்கு, அதுல எல்லாத்தையும் புதுசா ஏத்து, பழசை ஒயர்ல மாட்டி உன் சாமானை இந்தப் பக்கம் கொண்டுவா. வீடு மாத்தற மாதிரிதான்" என்றாள். பூஜைக்குக் கிடைத்த பணத்தை எடுத்துக்கொண்டு, பள்ளி விட்டதும் மெட்ரோ ஏறி, கம்ப்யூட்டர் சாமான் விற்கிற எங்கள் ஊர் சாந்தினி சௌக் போனோம். கடைக்காரர் எங்கள் யூனிஃபார்மைப் பார்த்து, "மாமோனி, அப்பாவைக் கூட்டிட்டு வரலையா?" என்று வங்காளத்தில் செல்லமாகக் கேட்டார். "அப்பா வந்தா வாங்க விட மாட்டார் காக்கு" என்றாள் ரிமி. அவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

அப்பாவுக்கு இது ஆடிட் சமயம், பேங்கிலிருந்து வர நேரமாகும். அந்த மாலையே வேலையை முடித்தோம். புதிய டிரைவ் உள்ளே போனது. பழையதை ரிமியின் அண்ணனுடைய ஒயரில் மாட்டினோம். அம்மாவின் ஃபோல்டரைத் தொட்டால் அனுமதி இல்லை என்று வந்தது. ரிமி அசரவில்லை, தொடர் என்கிற பட்டனை அழுத்தினாள், திறந்துகொண்டது. பிறகு பச்சைக் கோடு ஒன்று மெதுவாக நகர ஆரம்பித்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு விட்டால் நின்றுவிடும் என்பது போல இருந்தது. கடைசியில் ரிமி, "ஹோயே கெச்சே! முடிஞ்சுது!" என்று கத்தி என் முதுகில் அடித்தாள்.

சரியாக வந்திருக்கிறதா என்று திறந்து பார்த்தோம். என்ன பார்த்தோம் தெரியுமா? போட்டோக்களைப் பார்த்தோம். புரிக்குப் போனபோது நான் கடலைப் பார்த்து அழுத போட்டோ, நான் ஆடிய டான்ஸ் வீடியோ, என் பாட்டுகள். எல்லாம் இருந்தன. அம்மாவின் ஃபோல்டரைத் திறந்து வரிசையை மட்டும் பார்த்தேன். கடைசி, கடைசி இரண்டு, உண்மையான கடைசி, இதுவே கடைசி என்று ஃபைல்கள் இருந்தன. ரிமிக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஆசை இல்லை. ஒன்றையும் திறக்கவில்லை. "பழசு சும்மாதானே கிடக்கு, துடைச்சிட்டா சினிமா போட்டு வெச்சுக்கலாம்" என்றாள் ரிமி. நிச்சயமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. நிச்சயம் என்று நான்தான் அழுத்தினேன். என் விரல்.

நேற்று இரவு முழுக்க எனக்கு ஒரே பெருமை. யாருக்கும் தெரியாமல் ஒரு பெரிய விஷயத்தை உடைத்து, யாருக்கும் தெரியாமல் ஒட்ட வைத்துவிட்டேன் என்று. இன்று சாயங்காலம் அம்மா வீடியோ காலில் வந்தாள். முகமே சரியில்லை. "பாப்பா, இங்க பென் டிரைவ் திறக்கவே மாட்டேங்குது. கடைக்காரர் மூணு மெஷின்ல போட்டுப் பார்த்துட்டார். நல்லவேளை, வீட்டுல இருக்கு. 'இதுவே கடைசி'ன்னு ஒரு ஃபைல் இருக்கும் பாரு. அதை மெயில் பண்ணிடு. காலையில முதல் வேலையா அச்சுக்குப் போகணும்" என்றாள். "இவ்வளவுதானே" என்று சொல்லி, போனைச் சாய்த்து வைத்துவிட்டு ஃபைலைத் திறந்தேன்.

தமிழே இல்லை. ஒரு எழுத்துகூட இல்லை. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளியும் காற்புள்ளியும், கீபோர்டின் மேல் எலி ஓடியது மாதிரி. கீழே போகப் போக அதேதான். மற்ற 'கடைசி'களையும் திறந்தேன். எல்லாவற்றிலும் அதே குப்பை. போனிலிருந்து அம்மா, "என்னடி, கிடைச்சுதா?" என்கிறாள். பழைய டிரைவ் மேசைமேலேயே இருக்கிறது, நான் துடைத்த டிரைவ், உள்ளே ஒன்றும் இல்லாமல்.

"அம்மா, இங்க நெட் இல்லை" என்றேன்.

அம்மா என்னையே ஒரு கணம் பார்த்தாள். "சரி. வந்ததும் அனுப்பு. சாப்பிட்டியா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். அதுவும் பொய்.

ரிமிக்கு ஒரு படம் அனுப்பினேன். "இதுதான் உங்க தமிழா? எனக்கே படிக்க வருமே" என்று பதில் போட்டாள். பிறகு நான் அழுவது தெரிந்து, ஃபைல் கெட்டுப்போயிருக்கலாம், பழையது இருந்தால் மறுபடி எடுக்கலாம் என்றாள். பழையது இல்லையே ரிமி, நாம்தானே துடைத்தோம் என்றேன்.

மகளே, நடந்ததை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும், ஆனால் வாய் வராது. அது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாமலே இருக்கட்டும். அப்பாவை எழுப்பலாம் என்று அவர் அறை வாசல்வரை போனேன். குறட்டை நின்றது. நானும் நின்றேன். அவர் புரண்டு படுத்தார், நான் திரும்பி வந்துவிட்டேன். தண்ணீர் குடிக்கப் போன இடத்தில், அலமாரியில் பருப்பு டப்பாக்களுக்கு அடியில் விரித்திருந்த காகிதம் கண்ணில் பட்டது. அம்மா அச்செடுத்துத் திருத்திவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கிய தாள்களைத்தான் எப்போதும் அலமாரியில் விரிப்பாள். எண்ணெய்க் கறையோடு ஒரு பக்கம். முதல் இயல், முதல் பக்கம். 'அம்மா என்னை ஹவுராவில் ரயிலிலிருந்து இறக்கிவிட்டபோது' என்று ஒரு பெண் பேசுவது போல ஆரம்பிக்கிறது. டப்பாக்களைச் சத்தமில்லாமல் நகர்த்தி அதை உருவிக்கொண்டு வந்து திரைக்குப் பக்கத்தில் வைத்தேன். எவ்வளவு தொலைந்தது என்று பார்க்கத்தான் வைத்தேன்.

திரையில் அந்தப் பக்கத்தின் முதல் சொல்: எம், கே, அரைப்புள்ளி, கே, எச். காகிதத்தில் முதல் சொல்: அம்மா. இதில் இரண்டு மகரம் இருக்கிறது, அதில் இரண்டு கே இருக்கிறது. முதல் கேயை ஒட்டி ஒரு அரைப்புள்ளி. மகரத்தின்மேல் வைக்கிற புள்ளிதானோ அது? அடுத்த சொல்லைப் பார்த்தேன். அதிலும் புள்ளி வர வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி. அதற்கடுத்த சொல்லிலும். ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை. குப்பையில் இவ்வளவு ஒழுங்கு இருக்காது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அம்மா கல்யாணத்துக்கு முன்பு தஞ்சாவூரில் டைப்ரைட்டிங் படித்தவள். நாம் போனில் தட்டுகிற மாதிரி அவளுக்கு வராது. பழைய மெஷினில் எந்த விசையில் எந்த எழுத்தோ, அதே இடத்தில்தான் விரல் போகும். அதற்காக ஊரிலிருந்து ஒரு பழைய எழுத்துருவை வாங்கிவந்து இந்தக் கம்ப்யூட்டரில் போட்டிருந்தாள். அது போட்டிருந்தால் 'கே' என்கிற இடத்தில் 'ம' தெரியும். இல்லாவிட்டால் வெறும் 'கே'. நாங்கள் அம்மாவின் ஃபோல்டரைத்தான் கொண்டுவந்தோம். எழுத்துரு இருந்தது அந்த ஃபோல்டரில் இல்லை, செத்துப்போன சிஸ்டத்துக்குள்ளே. சாமானையெல்லாம் எடுத்துக்கொண்டு, பூட்டுக்குச் சாவியை மட்டும் பழைய வீட்டுச் சுவரிலேயே மாட்டிவிட்டு வந்திருக்கிறோம். அந்த வீட்டையும் நானே இடித்துவிட்டேன்.

ஆனால் இது என் ஊகம்தானே. முதல் பக்கம் சரியாக இருந்தால் எல்லாப் பக்கமும் சரி என்று ஆகிவிடுமா? இந்தத் தடவை பார்க்காமல் நம்பக் கூடாது என்று, காகிதத்தை வைத்து எந்த விசைக்கு எந்த எழுத்து என்று எழுதிக்கொண்டேன். அதை வைத்துக்கொண்டு நடுவில் ஒரு பக்கத்தைத் தடவித் தடவிப் படித்தேன். டாக்குரியா மாமி பேசுகிறாள். கல்யாணமாகி வந்த புதிதில் பக்கத்து வீட்டில் உப்பு கேட்கப் போய், வங்காளத்தில் உப்புக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், நாக்கை நீட்டி முகத்தைச் சுளித்துக் காட்டினாளாம். அவர்கள் உடம்பு சரியில்லை போல என்று டாக்டரைக் கூப்பிட்டுவிட்டார்களாம். வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். செத்துப்போன மாமி, முழுசாக இருந்தாள்.

அந்தப் பக்கத்தின் கடைசியில், தொடர்பே இல்லாமல் ஒரு வரி தனியாக இருந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். 'பாப்பா வந்துவிட்டாள். நிறுத்துகிறேன்.'

மறுபடி படித்தேன். நான் பள்ளியிலிருந்து வருகிற நேரம் அது. எந்த இடத்தில் விட்டோம் என்று தெரிவதற்காக அம்மா தனக்குத்தானே போட்டுக்கொண்ட அடையாளம், எடுக்க மறந்துபோனது. பாப்பா என்பதற்கான விசைகளைத் தேடல் பெட்டியில் தட்டினேன். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று என்று கம்ப்யூட்டர் தாவிக்கொண்டே போனது. 'பாப்பாவுக்குக் காய்ச்சல். நாளை.' 'பாப்பா கோபமாக இருக்கிறாள். ஏனென்று தெரியவில்லை. நிறுத்துகிறேன்.' கடைசி இயல்வரை போனேன். எல்லாம் இருந்தது. என் பக்கம் திரும்பவே மாட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அந்த முதுகு, ஒவ்வொரு நாளும் எனக்காகத் திரும்பியிருக்கிறது. நான்தான் திரையை எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது மெயிலை அனுப்பிவிட்டேன். அதில் இப்படி எழுதினேன்: 'அம்மா, கம்ப்யூட்டர் என்னால்தான் போச்சு. பழைய டிரைவையும் துடைச்சிட்டேன். இங்க எனக்கு இங்கிலீஷ் எழுத்தாத்தான் தெரியுது. ஆனா உள்ள எல்லாம் இருக்கு, நான் படிச்சுப் பார்த்தேன். உன் எழுத்துரு இருக்கற மெஷின்ல திறந்து பாரு. நெட் இருந்துது. பொய் சொல்லிட்டேன்.' அங்கே எந்த மெஷினிலும் அந்த எழுத்துரு இல்லாவிட்டால்? என் ஊகம் தப்பாக இருந்தால்? மகளே, உனக்கு இப்போதைக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். எதையும் துடைப்பதற்கு முன் திறந்து பார். உனக்குப் பிடித்ததை மட்டும் திறந்து பார்த்துவிட்டு எல்லாம் வந்துவிட்டது என்று சொல்லாதே.

*

இது மறுநாள் எழுதுவது.

டெஸ்டில் நான் என்ன எழுதினேன் என்பதை என்னைக் கேட்காதே. பள்ளியில் போன் கூடாது. வீட்டுக்கு ஓடி வந்தால், அந்த நேரத்தில் வீட்டிலேயே இருக்கக் கூடாத அப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். திரையில் அந்த ஆங்கிலக் குப்பை. பக்கத்தில் எண்ணெய்க் கறைக் காகிதம். நான் பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்றேன்.

"உங்கம்மா போன் பண்ணினா" என்றார், திரும்பாமல்.

"அப்பா, நான் வந்து..."

"ரொம்ப நேரமா இதைப் பார்த்துட்டிருக்கேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாரும் என்னமோ கெட்டுப்போச்சுங்கறீங்க. எனக்குத் தமிழ் எப்பவுமே இப்படித்தாம்மா தெரியும்."

எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் மூக்கு ஒழுகியது. அவர் போனை எடுத்து நீட்டினார். அம்மா. பின்னால் அச்சு மெஷினின் சத்தம்.

"ஏன்டி, வீடியோ கால்ல உட்கார்ந்துட்டு நெட் இல்லைங்கறியே, உனக்கே சிரிப்பு வரலையா?"

"தெரிஞ்சுடுச்சா? அப்பவே ஏம்மா கேட்கலை?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்லியிருப்பே. ராத்திரி பூரா தூக்கம் இல்லை எனக்கு. உனக்கு உடம்புக்கு என்னமோ, யார்கிட்டயாவது மாட்டிக்கிட்டியோன்னு... கடைசியில பார்த்தா ஃபைலாம், எழுத்துருவாம்! போன்லயே 'அம்மா, எல்லாம் இங்கிலீஷா தெரியுது'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே சொல்லியிருப்பேனே. இங்க தெருவுக்கு ஒரு கடையில அது இருக்குடி." பிறகு, "எல்லாப் பக்கமும் வந்துடுச்சு பாப்பா" என்றாள்.

"அந்த வரியெல்லாம்?" என்று கேட்டேன்.

"எந்த வரி?"

"நான் ஸ்கூல்லேர்ந்து வந்ததும் போடுவியே."

"அதையும் படிச்சியா?" என்றாள். "அச்சுலேர்ந்து எடுத்துட்டேன். அதெல்லாம் அவங்க பார்க்கறதுக்கு இல்லை. வீட்டுல இருக்கறதுல அப்படியே இருக்கும். நீதான் புதுசுல பத்திரமா போட்டு வெச்சிருக்கியே."

*

இது அம்மா ஊரிலிருந்து திரும்பி வருகிற நாளில் எழுதுவது. ரொம்ப நல்லவளாக ஆகிவிட்டேன் என்று நினைக்காதே. துடைத்ததற்கும் பொய் சொன்னதற்கும் சேர்த்து, ஊரிலிருந்து வந்ததும் கச்சேரி இருக்கிறது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நீயும் ஒருநாள் எதையாவது உடைத்துவிட்டு என் அறை வாசலில் வந்து நிற்பாய். நான் கத்துவேன், அதில் சந்தேகமே வேண்டாம். நீ நெட் இல்லை என்றால் எனக்கும் தெரிந்துவிடும். ஆனால் நான் முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ தட்டிக்கொண்டிருந்தாலும், உள்ளே வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடு. அன்றைய வேலையில் எந்த இடத்தில் விட்டேன் என்று ஒரு வரி போட்டுவிட்டுத் திரும்புவேன்.

அப்பா ஹவுராவுக்குப் போய் நேரமாகிறது. மழை பிடித்துக்கொண்டது. கீழே டாக்ஸிக் கதவு சாத்துகிற சத்தம், அப்பா பெட்டியை இடித்துக்கொண்டு படியேறுகிறார், "மெதுவாங்க, உள்ள பைண்டு பண்ணினது இருக்கு" என்கிற குரல்.

அம்மா வந்துவிட்டாள். நிறுத்துகிறேன்.